சக்கரத்தோடு ஒரு வாழ்க்கை – 17: ஈரக்காலும் எதிர்காற்றும்

ஆத்தூரில் உட்கார்ந்துகொண்டு, சைக்கிள் ஓட்டும்போது கால் குளிர்வதைப் பற்றி எழுதினால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தாமிரபரணி கடலில் கலக்கப்போகும் இந்தப் பக்கத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். ஆனாலும் விடிவதற்கு முன்னால் ஆற்றுப்பாலத்தில் ஏறி, வாடைக்காற்றுக்கு எதிரே முக்காணி பக்கமாக மிதித்துப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெருவிரல்தான் முதலில் பதில் சொல்லும்.

அதிலும் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை முடித்துத் திரும்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை, காலை நனைக்காமல் கைக்கு வராது. அகத்தியைப் பற்றி ஏறிய கொடிகளுக்கு நடுவே நீளநீளமாகத் தண்ணீர் நிற்கும் வாய்க்கால். அதில் இறங்கி நின்றுதான் வேலை. கொடிக்கால் ஆள் ஒருவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “தண்ணிக்குள்ள நிக்கும்போது ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. கரையேறி சைக்கிள்ல உக்காந்த பொறவுதான் காலு வெடவெடங்கும்.”

குளிரைப் பற்றி நான் படித்த பல பக்கங்களின் சாரம் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. தோலில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தோலிடமிருந்தே உருவிக்கொள்கிறது. காற்று அடித்தால் ஆவியாவது இன்னும் வேகம். வாய்க்கால் தண்ணீர் காலில் இருந்து சூட்டை எடுத்தாலும் இப்படி ஆவியாகி எடுப்பதில்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகும் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நடுக்கம் எடுப்பது கடலுக்கு அடியில் இருக்கும்போதைவிட, மூழ்கி எழுந்து ஈர உடம்போடு வள்ளத்தில் உட்காரும்போதுதான்.

சரி, ஈரம் இல்லாத காலும் ஏன் குளிர்கிறது? தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகும் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். பனி இறங்கும் நேரம், வெறுங்கால். கொப்புளம், வீக்கம், முள் என்று ஆயிரம் குறை சொல்வார்கள். கால் குளிர்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கால் அழுந்தி விரிகிறது, விரல்கள் மடங்கி நிமிர்கின்றன, ரத்தம் மேலே தள்ளப்பட்டுப் புதிதாக இறங்குகிறது. சைக்கிளிலோ தொடையும் கெண்டைக்காலும்தான் உழைக்கின்றன. பாதம் பெடலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றை ஓட்டுகிறவரே உண்டாக்கிக்கொள்கிறார். அதை முதலில் வாங்குவதும் பாதம்தான்.

டொராண்டோவில் படிக்கும் என் தங்கை மகன் போன ஜனவரியில் கூப்பிட்டான். கல்லூரிக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறான். “மாமா, ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் விரல் இருக்கான்னே தெரியல.”

“ஷூ அங்க வாங்குனதா?”

“இல்ல மாமா, ஊர்ல இருந்து கொண்டுவந்ததுதான்.”

பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. ஒரு ஜோடி மெல்லிய சாக்ஸுக்கு அளவெடுத்து வாங்கிய ஷூவுக்குள் இரண்டு தடித்த சாக்ஸைத் திணித்தால் விரல் அசைய இடமில்லை. ரத்தக்குழாய் நசுங்கும். சூட்டைப் பிடித்துவைப்பது துணியைவிட அதற்குள் சிறைப்பட்ட காற்றுதான். இறுக்கியதும் அந்தக் காற்றும் வெளியே போய்விடுகிறது. இரண்டாவது ஜோடி உதவாதது மட்டுமில்லை, கெடுதலும் செய்கிறது. குளிர்காலத்துக்கென்று ஒரு அளவு பெரிய ஷூ, அதற்குள் ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், கயிற்றைத் தளர்த்திக் கட்டுவது: அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

பருத்தியை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பாதீர்கள். நம் வெயிலுக்கு அதைப் போல ஒன்று கிடையாது என்றாலும், வியர்வையைக் குடித்துவிட்டு நனைந்தே கிடக்கும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது லேபிளைப் பார்க்க வேண்டும். கம்பளி என்று கொடுப்பதெல்லாம் கம்பளி இல்லை, அக்ரிலிக்கும் இருக்கும்.

அவன் ஊர்க் குளிருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 2001-ல் புதுப்பித்த காற்றுக்குளிர் அட்டவணைப்படி, வெப்பமானி மைனஸ் 10 காட்டும்போது 20 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் மைனஸ் 18-க்குச் சமமாகத் தோலுக்குத் தெரியும். பூஜ்யம் டிகிரியிலேயே மைனஸ் 5. அதனால் தடிமனான சாக்ஸுக்கு முன்னால் தேட வேண்டியது காற்றைத் தடுக்கும் ஒரு வெளியுறை. ஷூவின் முன்பக்கம் வலைத்துணியாக இருந்தால் அதன்மேல் டேப்பை ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். பிரான்ஸ் மலைப்பாதைகளில் பந்தயக்காரர்கள் இறக்கத்துக்கு முன்னால் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வது பழைய வழக்கம். அதே தாளை நாலாக மடித்து ஷூவின் நுனியில் விரல்களுக்கு மேலே வைக்கலாம். நம் தினத்தந்தியும் இதற்குத் தோதுதான். வீடு வந்ததும் உருவி எறிந்துவிட வேண்டும்.

பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளும் யோசனையைப் பலர் சொல்வார்கள். அரைமணி நேரப் பயணத்துக்குச் சரி. அதற்குமேல் போனால் உள்ளே சேரும் வியர்வையே வாய்க்கால் தண்ணீரின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

விலை உயர்ந்த வண்டிகளைவிட நம் பழைய கறுப்புச் சைக்கிள் இரண்டு இடத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஒன்று பெடல். இருபுறமும் தடித்த ரப்பர் கட்டை வைத்த பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவே சூடு எளிதில் கடக்காது. பந்தய ஷூக்கள் சிலவற்றின் அடியில் திருகியிருக்கும் இரும்புக் கொக்கி உள்ளங்காலின் சூட்டைப் பெடலுக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். உள்ளே தடித்த ஃபெல்ட் அட்டை ஒன்றை வெட்டிப் போட்டால்தான் அடங்கும். இரண்டாவது மட்கார்டு. முன்சக்கரத்து மட்கார்டின் கீழ்முனையில், தரையைத் தொடாத அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு தொங்கும், கவனித்திருப்பீர்கள். அது அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மழைத்தண்ணீரிலோ பனி நனைத்த ரோட்டிலோ சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே வந்து விழுவது பாதத்தின்மேல். அதைத் தடுப்பது அந்தத் துண்டுதான். மட்கார்டே இல்லாத வண்டியை வாங்கிவிட்டு விலை உயர்ந்த சாக்ஸ் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் கால் நிஜமாகவே விறைக்க வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். 2008-ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ சைக்கிள் பயணம் நடப்பது டிசம்பரில். ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படியும் பருவம் அது. ஏற்றத்தில் யாருக்கும் குளிராது. மூச்சு வாங்கும், சாக்ஸ் நனையும். ஆபத்து இறக்கத்தில். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் இருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது மிதிக்க வேண்டிய வேலையே இல்லை. உடம்பு சூடு உற்பத்தி செய்வதைக் குறைத்துவிடுகிறது. வேகமும் காற்றும் இரட்டிப்பு. உள்ளே ஏற்றத்து வியர்வை. உச்சியில் இரண்டு நிமிடம் நின்று காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொண்டு, மார்புக்கும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. மார்புக்கு எதற்கு என்றால், உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் இதயத்தையும் குடலையும் காப்பாற்றுவதற்காக ரத்தம் முதலில் கைவிடுவது விரல்களைத்தான். கணுக்காலைத் திறந்துபோட்டுவிட்டு ஷூவை மட்டும் மூடுவதும் வீண். விரலுக்குப் போகும் ரத்தம் அந்த வழியாகத்தான் குளிர்ந்து இறங்குகிறது.

இத்தனையும் செய்து விரல் மரத்தால்? இறங்குங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு இருநூறு அடி நடங்கள். செலவில்லாத இந்த வைத்தியத்துக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. சைக்கிள்காரர்களின் ரோஷம்தான் இதற்கு விரோதி.

நம் ஊருக்கென்று ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்குப் பாதத்து நரம்பு பழுதாகியிருந்தால், குளிர் இல்லாத நாளிலும் கால் குளிர்வதுபோலத் தோன்றலாம். நிஜமாகவே விறைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்படிப்பட்ட காலை அடுப்படியில் காட்டுவதும், கையால் பதம் பார்க்காமல் வெந்நீரில் வைப்பதும் புண்ணில் கொண்டுபோய் விடும், ஏனென்றால் சுடுவது காலுக்குத் தெரியாது. காய்ந்த துணியில் துடைத்து, கம்பளியைச் சுற்றி, மெல்ல அசைத்தால் போதும். வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு விரல் மட்டும் வெளுத்தோ நீலம்பாரித்தோ கிடந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்த வாரம் கைக்கு வருவோம். ஹேண்டில்பாரைப் பிடித்த கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் ஏன் மரத்துப்போகின்றன?