தூரத்துக்குக் கொடுக்கும் விலை

அமெரிக்காவின் சிற்றூர்களில் குறைந்த செலவில் வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதில் உண்மையும் உண்டு. அந்நாட்டு வணிகத் துறையின் கீழ் இயங்கும் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம், நாட்டின் சராசரி விலை மட்டத்தை 100 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாநிலத்தின் விலை மட்டத்தையும் கணக்கிட்டு வெளியிடுகிறது. அந்தக் கணக்கில், கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கும் கான்சஸ் மாநிலம் 90-ஐ ஒட்டியே நிற்கிறது. எனினும் இந்த எண் பொருள்களின் விலையைச் சொல்லுமே தவிர, அப்பொருளை வாங்க எத்தனை மைல் போய்வர வேண்டும் என்பதைச் சொல்லாது. கான்சஸின் சிற்றூர்களில் ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தூரமே.

சிற்றூரில் மலிவு என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது வீடு. இயந்திரங்கள் வந்தபின் வேளாண்மைக்குக் குறைந்த ஆட்களே போதும் என்றாகி, இளைஞர்கள் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டதால் வீடுகளுக்கான தேவை சுருங்கியது. கான்சஸின் லிங்கன் என்னும் ஊர், வீடு கட்டிக் குடியேற முன்வருவோருக்கு மனையை இலவசமாகவே கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆயினும் வீடு வாங்கியதோடு செலவு முடிவதில்லை. கான்சஸில் குடியிருப்பு வீட்டின் சந்தை மதிப்பில் 11.5 விழுக்காட்டுக்கு வரி விதிக்கப்படுகிறது. வரி வீதம் ‘மில்’ என்ற அலகில் குறிக்கப்படுகிறது, ஒரு மில் என்பது ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். 1,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டில் வரிக்குரிய மதிப்பு 11,500 டாலர் என்பதால், மொத்த வீதம் 150 மில் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,725 டாலர் செலுத்த நேரும். ஊரில் ஆள் குறைந்துவிட்டது என்பதற்காகச் சாலையையும் குடிநீர்க் குழாயையும் பள்ளிக்கூடத்தையும் பாதியாக்கிவிட முடியாது. எஞ்சியிருப்போரே அவற்றின் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் வீதம் உயர்கிறது. ஆலங்கட்டி மழையும் சூறாவளியும் அடிக்கடி தாக்கும் நிலப்பகுதி என்பதால் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணமும் அதிகம்.

வீட்டில் மிச்சப்பட்ட பணத்தில் பெரும்பகுதியைக் கார் எடுத்துக்கொள்கிறது. நேரம் பார்த்து ஏறிச் செல்லக்கூடிய பேருந்து பெரும்பாலான சிற்றூர்களில் இல்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார்கள் வேண்டும். சொந்தக் காரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோருக்கு, எரிபொருள், தேய்மானம், பழுது, காப்பீடு அனைத்தையும் சேர்த்து மைலுக்கு 70 சென்ட் என்று அமெரிக்க வருமான வரித் துறை 2025-ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்தது. 30 மைல் தொலைவிலுள்ள வேலைக்கு ஆண்டில் 250 நாள் போய்வருபவர் 15,000 மைல் ஓட்டுகிறார். இந்தக் கணக்குப்படி அதன் செலவு 10,500 டாலர். கான்சஸில் குறைந்தபட்சக் கூலி, 2009 முதல் மாறாதிருக்கும் கூட்டரசு வீதமான மணிக்கு 7.25 டாலரே, வாரம் 40 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் கிடைக்கும் மொத்தக் கூலி 15,080 டாலர். பலர் இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், பழைய காரை ஓட்டிச் செலவைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றாலும், வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கைச் சாலை விழுங்குகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

மருத்துவத்தில் தூரம் உயிரோடு தொடர்புடையதாகிறது. 2010-க்குப் பிறகு அமெரிக்கக் கிராமப்புறங்களில் 100-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் மூடப்பட்டன அல்லது நோயாளிகளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பதை நிறுத்திக்கொண்டன. அவற்றுள் ஒன்று, தென்கிழக்குக் கான்சஸின் ஃபோர்ட் ஸ்காட் என்னும் ஊரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கி, 2018-இன் இறுதியில் மூடப்பட்ட மருத்துவமனை. இப்படி மருத்துவமனை மூடப்பட்ட ஊர்களில் பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வேற்றூருக்குப் போக வேண்டியிருக்கிறது. பெட்ரோல் செலவும் ஒரு நாள் கூலியும் மருத்துவரின் கட்டணத்தோடு சேர்ந்துகொள்கின்றன.

மளிகைக் கடையின் கதையும் இதுவே. பெரிய சங்கிலிக் கடைகள் மொத்தமாகக் கொள்முதல் செய்து பெறும் தள்ளுபடி, சிற்றூர்க் கடைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இத்தகைய பாரபட்சத்தைத் தடுக்க 1936-இல் இயற்றப்பட்ட ராபின்சன்–பேட்மன் சட்டம் 1980-களுக்குப் பின் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. உள்ளூர்க் கடை நொடித்த இடங்களில், நாடெங்கும் 20,000-க்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்ட டாலர் ஜெனரல் போன்ற கடைகள் கால்பதித்தன. அங்கே சிறு பொட்டலத்தின் விலை குறைவாகத் தோன்றினாலும், எடைக்கு எடை ஒப்பிட்டால் பல பொருள்கள் கூடுதல் விலைக்கே விற்கின்றன. எல்லாக் கிளைகளிலும் பச்சைக் காய்கறி கிடைப்பதுமில்லை. காய்கறியும் பழமும் விற்கும் கடை எட்டாத் தொலைவில் இருக்கும் இத்தகைய இடங்களை ஆய்வாளர்கள் ‘உணவுப் பாலை’ என்கிறார்கள்.

அந்தப் பாலையிலிருந்து மீண்ட ஊர்களும் உண்டு. கான்சஸில் சுமார் 600 பேர் வாழும் செயின்ட் பால் என்னும் ஊர், 1985-இல் தன் மளிகைக் கடையை இழந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அண்டை ஊர்களை நம்பியிருந்தது. 2008-இல் ஊர் மேம்பாட்டு அமைப்பின் முயற்சியால் மீண்டும் கடை திறக்கப்பட்டது. 2013-இல் நகராட்சியே அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. குடிநீரைப் போலவும் தெருவிளக்கைப் போலவும் அரிசி, பருப்பு, பால் விற்கும் கடையும் ஊரின் பொதுத் தேவை என்று அவ்வூர் மக்கள் முடிவு செய்ததன் விளைவு அது. அங்கே பால் விலை நகரத்தைவிடச் சில சென்ட் கூடுதலாக இருந்தாலும், காரை ஓட்ட இயலாத முதியவர் நடந்துபோய் அதை வாங்கிவர முடிகிறது என்றால், அவருக்கு அதுவே மலிவான பால். வாழ்க்கைச் செலவைக் கணக்கிடுவோர் விலைப்பட்டியலோடு மைல்களையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.