பின்கட்டுத் தாழ்வாரத்திற்கு ஏற்ற கூரை எது?

உழவர் வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரம் ஓய்வில்லாத இடமாகும். காலையில் பால் கறப்பதும், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையையும் வேர்க்கடலையையும் மழைக்கு ஒதுக்கி வைப்பதும், கோடை இரவில் முதியோர் கட்டில் போட்டுப் படுப்பதும் அங்கேதான். எனவே அதன் கூரையை விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் கூடாது. வெயில், காற்று, தீ ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

தொழிற்சாலைக் கூரையும் நம் கூரையும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றிப் பல தொழிற்கூடங்கள் எழுந்தன. அவற்றின் வண்ணத் தகட்டுக் கூரைகளைக் கண்டு, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை வட்டார ஊர்களிலும் வீட்டுக்கு வீடு 'கலர் ஷீட்' போடும் வழக்கம் பரவியுள்ளது.

ஆனால் தொழிற்கூடத்தில் தகடு மட்டும் தனியே வேலை செய்வதில்லை. கூரை மிக உயரத்தில் இருக்கும். பெரும்பாலும் தகட்டின் அடியில் வெப்பத்தைத் தடுக்கும் ஒரு படலம் இருக்கும். முகட்டில் சூடான காற்றை வெளியேற்றும் சுழல் விசிறிகள் இருக்கும். நாமோ எட்டு அடி உயரத்தில் வெறும் தகட்டை மட்டும் போடுகிறோம். சித்திரை, வைகாசியில் அதன் கீழ் உட்கார முடியாமல் போவதற்குக் காரணம் இதுவே.

கூரையைச் சோதிக்கும் இரு பருவங்கள்

இப்பகுதியில் மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது சூடேறிய தகடு, அடியில் இருப்பவர் மீது அனலை வீசும். கலப்பினப் பசுக்கள் இவ்வெப்பத்தில் மூச்சிரைத்துத் தீவனம் குறைவாக உண்ணும்; பாலும் குறையும்.

அடுத்த சோதனை ஐப்பசி முதல் மார்கழி வரை வரும் புயல். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்த வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அத்தகைய காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள தாழ்வாரக் கூரையின் பரப்பு சுமார் 22 சதுர மீட்டர். பக்கம் திறந்த தாழ்வாரத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கும்போது, மொத்த விசை ஒரு டன் அளவை எட்டக்கூடும். தகட்டின் எடையோ 100 கிலோவை ஒட்டியதே. எனவே கூரையைக் காப்பது அதன் எடையன்று. அதைப் பிடித்திருக்கும் ஆணியும் சட்டமும் தூணுமே ஆகும்.

கூரைப் பொருள்களின் நிறை குறைகள்

1. கீற்று, பனை ஓலை: வெயிலுக்கு இவற்றைப் போல் குளிர்ச்சி தருவது வேறில்லை. தென்னங்கீற்றை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பனை ஓலை அதனினும் கூடுதலாக உழைக்கும். பெருங்குறை தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. அடுப்பெரிக்கும் இடத்திலும், வீட்டோடு ஒட்டிய தாழ்வாரத்திலும் ஓலைக் கூரையைத் தவிர்த்தல் நலம். வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் மாட்டுக் கொட்டகைக்கு அது ஏற்றது.

2. ஓடு: 1865இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய ஆலை மூலம் பரவிய மங்களூர் ஓடு, தீக்கு அஞ்சாதது, தகட்டைவிடக் குளிர்ச்சியானது, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகள் வேண்டியிருப்பதால் எடை அதிகம். கைமரமும் வரிச்சும் உறுதியாக இருத்தல் வேண்டும். சரிவு 30 டிகிரி அளவில் இல்லையெனில் மழைநீர் உள்ளே புகும். 12 அடி அகலத்தை ஒரே சரிவாக இறக்கினால் மேல் ஓரம் கீழ் ஓரத்தைவிட ஏழு அடி உயர வேண்டும். எனவே அகலமான தாழ்வாரத்திற்கு இரு பக்கச் சரிவே பொருந்தும்.

3. சிமெண்ட் ஷீட்: கல்நார் கலந்த இவ்வகை மலிவானது, துருப்பிடிக்காது. ஆயினும் எல்லா வகைக் கல்நார் இழைகளும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியே பெரிய ஆபத்து. புதிதாகப் போடுவோர் கல்நார் கலவாத நார்ச் சிமெண்ட் ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே போட்டவர்கள் அதன் மீது துடைப்பத்தால் தேய்த்தலும், துளையிடுதலும், உடைந்த துண்டுகளை மாட்டடியில் கொட்டுதலும் கூடா.

4. உலோகத் தகடு: எடை குறைவு, தீப்பற்றாது, சிறு சரிவே போதும். 12 அடி அகலத்திற்கு 2 அடி இறக்கம் தந்தால் நீர் வழிந்தோடும். வெப்பமும் மழை ஓசையும் இதன் குறைகள். மாட்டு மூத்திர ஆவி தகட்டின் அடிப்புறத்தை அரிக்கும். ஆகையால் தரையைச் சரிவாக அமைத்து நாள்தோறும் கழுவுதல் அவசியம். பழைய இரும்புக் கடையில் தகடு வாங்குவோர் பழைய ஆணித் துளைகளையும் ஓரத் துருவையும் பார்த்து வாங்குதல் நன்று.

தகட்டுக் கூரையைக் குளிர்விக்கும் முறை

வாங்கும்போதே வெண்மை அல்லது வெளிர் நிறத் தகட்டைத் தேர்ந்தெடுக்கவும். கருநீலமும் கரும்பச்சையும் வெயிலை உறிஞ்சும். ஏற்கெனவே உள்ள கூரைக்குக் கோடையின் தொடக்கத்தில் வெள்ளை நிறக் குளிர் வண்ணம் பூசலாம். வாய்ப்பிருந்தால் கூரையின் உயரத்தைத் தாழ்ந்த ஓரத்திலேயே எட்டு அடிக்குக் குறையாமல் வைக்கவும்.

தகட்டுக்குக் கீழே அரை அடி முதல் ஓர் அடி வரை இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பனை ஓலைப் பாயோ கட்டினால் அனல் நேரே இறங்காது. இடைவெளியின் ஓரங்களை அடைக்காமல், எலியும் பாம்பும் புகாதவாறு கம்பி வலை மட்டும் அடித்தால் சூடான காற்று வெளியேறும். அடுப்பு உள்ள பக்கத்தில் தட்டியோ பாயோ கட்டக் கூடாது. தகட்டின் மேல் ஓலை பரப்புவது குளிர்ச்சி தரும். ஆனால் மழைக் காலத்தில் ஈரம் தங்கித் துரு ஏறும். ஆதலால் ஐப்பசிக்கு முன் அதை அகற்ற வேண்டும்.

புயலைத் தாங்கும் பொருத்துமுறை

1. தூண்களை வெறும் மண்ணில் நடாமல், இரண்டு முதல் மூன்று அடி ஆழக் குழியில் கான்கிரீட் இட்டு நிறுத்தவும்.

2. குறுக்குச் சட்டங்களுக்கு இடையே நான்கு அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். சட்டத்தைத் தூணோடு போல்ட் மூலம் இணைக்கவும், கட்டுக்கம்பி போதாது.

3. நெளித் தகட்டில் துளையை மேட்டில் இடவும். பள்ளத்தில் இட்டால் நீர் ஒழுகும். ரப்பர் வாஷர் கட்டாயம் தேவை. அது நசுங்கும் அளவுக்கு முடுக்க வேண்டாம்.

4. காற்றின் தூக்கு விசை ஓரங்களிலும் மூலைகளிலுமே மிகுதி. அங்கு திருகுகளை நெருக்கமாக இடவும்.

5. தகடு பறக்காதிருக்கக் கல்லும் டயரும் ஏற்றி வைப்பதைக் கைவிடுக. புயலில் அவையே உருண்டு ஆளையும் மாட்டையும் தாக்கும்.

ஆண்டுதோறும் புரட்டாசியில் ஏணி வைத்து ஏறி, தளர்ந்த திருகுகளை முடுக்குவது ஒரு மணி நேர வேலையே.

மழைநீரும் ஒரு வருவாய்

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேலே கூறிய 22 சதுர மீட்டர் கூரையில் விழும் நீரில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஏறத்தாழ 21,000 லிட்டர் கிடைக்கும். ஓட்டுக் கூரையிலோ தகட்டிலோ வாய்க்கால் பொருத்தி, முதல் மழையை வெளியே விட்டுப் பின்னர் தொட்டியிலோ கிணற்றோரக் குழியிலோ சேர்க்கலாம். கல்நார் கூரை நீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் விலையை, அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கவும். மாற்றும் கூலியையும் சேர்த்துக்கொள்ளவும். தனித்து நிற்கும் மாட்டுக் கொட்டகைக்கு ஓலை போதும். வீட்டோடு ஒட்டிய, பெரியவர்களும் பிள்ளைகளும் பகலில் புழங்கும் தாழ்வாரத்திற்கு, தாங்கும் மரச் சட்டம் இருந்தால் ஓடு சிறந்தது. சட்டச் செலவைக் குறைக்க விரும்புவோர் வெளிர் நிறத் தகட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தட்டிக்கும் போல்ட்டுக்கும் ஆகும் தொகையைத் தகட்டு விலையோடு சேர்த்தே ஒதுக்கி வைத்தல் வேண்டும். அந்தத் தொகையை மிச்சம் பிடித்தால் கோடையில் பாலிலும் மார்கழியில் கூரையிலும் இழக்க நேரிடும்.

மாட்டுக் கொட்டகை அமைப்புப் பற்றி மேலும் அறிய விரும்பும் உழவர் பெருமக்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.