பூமிக்கடியில் ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட்!

உங்கள் தெருவில் இருக்கும் நூறு வீட்டுக்கும் சேர்த்து பாங்க்கில் ஒரே ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் என்று வைத்துக் கொள்ளுங்கள். பணம் போட வேண்டியது எல்லோருடைய கடமை. எடுப்பது? யார் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட எடுக்கலாம். பாஸ் புக் கிடையாது. பேலன்ஸ் எவ்வளவு என்று கேட்கவும் ஆள் கிடையாது.

'இப்படியும் ஒரு பாங்க்கா? ஒரே மாசத்துல மஞ்சக் கடுதாசிதான்!' என்று சிரிக்கிறீர்கள்தானே? சிரிக்காதீங்க சார். சென்னையின் நிலத்தடி நீர்க் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? வரவு, செலவு என்று இரண்டு காலம் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வரவு

சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை. லண்டனில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! ஆனால் லண்டன்காரருக்கு அது மாதச் சம்பளம் மாதிரி வருஷம் பூராவும் வருகிறது. நமக்கோ தீபாவளி போனஸ். பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த போனஸை என்ன செய்கிறோம் என்பதில்தான் மீதி ஒன்பது மாதப் பிழைப்பு.

உங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடியா? ஒரு வருஷ மழையில் அதன் தலையில் விழுவது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். சிந்தியது, சிதறியது, காய்ந்தது போக 1 லட்சம் தேறும். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் எட்டு லோடு. அத்தனையும் இலவசம், டிரைவருக்கு டிப்ஸ்கூட வேண்டாம்!

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுதான் தமிழக அரசு 2003-இல் ஒரு அதிரடி செய்தது. எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செய்யாவிட்டால் அதிகாரிகளே ஆள் வைத்துச் செய்வார்கள். செலவை வீட்டு வரி மாதிரி வசூலிப்பார்கள். குடிநீர் இணைப்பும் 'கட்' ஆகும். நாம் சும்மா சொன்னால் கேட்கிற ஜாதியா? 'கட்' என்றதும் ஊரே குழி தோண்டியது. அடுத்து வந்த நல்ல மழையில் பல இடங்களில் கிணற்று நீர் மேலே ஏறியது. உப்பும் குறைந்தது. பேஷ்!

செலவு

இங்கேதான் ஆடிட்டருக்குத் தலை சுற்றும். 1882-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. உன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு என்கிறது அது. அன்றைக்கு ஏற்றமும் கமலையும்தான். மாடு களைத்தால் தண்ணீர் இறைப்பதும் நிற்கும். மோட்டாருக்குக் களைப்பு ஏது? சுவிட்சைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பங்கையும் சேர்த்து உறிஞ்சும்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் 1987-இலேயே தனிச் சட்டம் வந்தது. கிணறு தோண்ட அனுமதி, தண்ணீரை லாரியில் ஏற்றிப் போக லைசென்ஸ் எல்லாம் அதில் உண்டு. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. கல்யாணப் பத்திரிகை அடித்து, தாலி கட்டாமலே விவாகரத்து!

சரி, எத்தனை வீட்டு போர்களில் மீட்டர் பார்த்திருக்கிறீர்கள்? போடுவது கட்டாயம், எடுப்பதற்குக் கணக்கில்லை. நம் நீர்க் கொள்கையின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

பேலன்ஸ்

2019 கோடையில் செக் பவுன்ஸ் ஆயிற்று. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. தெருத்தெருவாக போர்கள் காற்றை உறிஞ்சின. கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, 'ஆபீஸ் பாத்ரூமில் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்றன. வீட்டில் மட்டும் இருந்ததா என்ன? ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 50 வாகன்கள், 25 லட்சம் லிட்டர். முன்பு சொன்ன மொட்டை மாடியில் இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு வருஷத்தில் பிடித்துவிடும் தண்ணீர்தான் அது!

'அதான் கடல்நீரைக் குடிநீராக்கறாங்களே?' நியாயமான கேள்வி. 2010-இல் மீஞ்சூர், 2013-இல் நெம்மேலி என்று நாளொன்றுக்குப் பத்துப் பத்து கோடி லிட்டர் தயாரிக்கும் ஆலைகள் வந்தன. ஆனால் அதற்கு மின்சாரம் ஏகமாய்ச் செலவாகும். கையிருப்பைத் தொலைத்துவிட்டு மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்குவது போலத்தான்.

அதே மீஞ்சூர்ப் பக்கம் இன்னொரு பாடமும் இருக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சியதில், கடல் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒருமுறை உப்பேறிய கிணறு லேசில் திரும்பாது. இந்த அக்கவுன்ட்டில் ஓவர் டிராஃப்ட் எடுத்தால் அபராதம் ரூபாயில் இல்லை, உப்பில்!

ஆகவே, இருபது வருஷ இ.எம்.ஐ.யில் ஃப்ளாட் வாங்கத் துடிக்கும் தம்பிகளே! புரோக்கர் வாஸ்து, லிஃப்ட், மாடுலர் கிச்சன் எல்லாம் காட்டுவார். மொட்டை மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். பல கட்டடங்களில் அது அப்ரூவலுக்காக வைத்த குழாய். நேரே தெருச் சாக்கடையில் போய் முடியும்.

ஏற்கெனவே குடியேறிவிட்டீர்களா? செப்டம்பர் அசோசியேஷன் கூட்டத்தில் பார்க்கிங் சண்டையைப் பத்து நிமிஷம் ஒத்திப்போட்டு இரண்டு விஷயம் பேசுங்கள். ஒன்று, சேகரிப்புக் குழியில் அடைந்த சேற்றை வாரி, ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட ஒரு ஆள். இரண்டு, போருக்கு ஒரு மீட்டர். மாதா மாதம் ரீடிங்கை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சர்க்கார் பாஸ் புக் தரும்வரை நாமே எழுதிக்கொள்வோம்.

செக்ரட்டரி முறைத்தால், 2019-இல் லாரிக்கு எவ்வளவு அழுதோம் என்று அவரிடமே பழைய பில்லைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுவார்!