சந்தையை வரைய ஒளிப்படம் மட்டும் போதுமா?

சந்தைக் காட்சியை வரைய ஆசைப்படுகிறவர்கள் பலர் கைப்பேசியில் படம் எடுத்து வந்து, அதை அப்படியே தாளில் இறக்கிவிடுகிறார்கள். ஓவியம் உயிரற்றுப் போவது இங்கேதான். நீலத் தார்ப்பாய் கட்டிய தக்காளிக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே நிழல். கேமரா வெயிலுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் நிழல் கறுத்துவிடும். நிழலுக்கு அளந்தால் வெயில் வெளுத்துவிடும். தார்ப்பாய் வழியே கசியும் நீலம் தக்காளியின் மேல் ஊதாவாகப் படிவதையும், குவியலின் சிவப்பு விற்பவரின் தாடைக்கடியில் லேசாக ஏறுவதையும் நேரில் நிற்கும் கண்தான் பிடிக்கும். அந்த நிறங்களை அங்கேயே கோட்டோவியத்தின் ஓரத்தில் நாலு சொல்லில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டத்தை எப்படி வரைவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ 1880களில் போந்துவாஸ், ஜிஸோர் ஊர்களின் சந்தைகளைத் தீட்டியபோது, ஆட்களைத் தனித்தனிக் கோட்டோவியங்களாகப் பிடித்து, பிறகு ஒரே காட்சியாக இணைத்தார். சந்தையில் அசைவுகள் திரும்பத் திரும்ப வரும். குனிந்து எடை போட்டவர் அடுத்த நிமிடமே மறுபடி குனிவார். பாதியில் நின்ற கோட்டை அப்போது முடிக்கலாம். ஒளிப்படமே வேண்டாம் என்பதல்ல. தராசுச் சங்கிலி, கூடைப் பின்னல், சாக்கின் மடிப்பு போன்ற நுணுக்கங்களுக்கு அது நல்ல துணை. ஆனால் எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்பதைக் கோட்டோவியம்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த முறை சந்தையில் கைப்பேசியை எடுக்கும் முன், பத்து நிமிடம் பென்சிலோடு நின்று பாருங்கள்.