உறங்கும் படகின் தொட்டி

கடலில் ஓடும் பெட்ரோல் இயந்திரத்துக்கு உப்பு நீரே ஜன்ம விரோதி என்று சாமானியமாக நாம் எண்ணுகிறோம். ஆனால் அமெரிக்காவின் வட மாநிலங்களில், கோடை முழுதும் உல்லாசமாகத் திரிந்துவிட்டு, ஏரிகள் உறையும் மாதங்களில் கொட்டகைக்குள் முடங்கிக் கிடக்கும் படகுகளைக் கவனித்தால், எரிபொருளால் விளையும் கேட்டுக்கு ஓடுகிற காலத்தைவிட உறங்குகிற காலமே வித்தாகிறது என்பது விளங்கும்.

அந்நாட்டுப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலும் சாராயமே; ஈரத்தைக் கண்டவிடத்தில் இழுத்துக்கொள்வது அதன் சுபாவம். காரின் தொட்டி அடைபட்டது; படகின் தொட்டியோ வெளிக்காற்றோடு உறவாடும் குழாய் உடையதாகையால், மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும், குளிரில் உள்சுவரில் துளி அரும்பினாலும், அந்த ஜலமெல்லாம் எரிபொருளில் போய்ச் சேருகிறது. 100 லிட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் வரையில் அதைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கும் எத்தனால், அந்த எல்லை கடந்ததும் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு அடியில் படிந்துவிடும். உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தானே இருக்கிறது! மேலே நின்ற பெட்ரோலுக்கும் ஆக்டேன் குன்றிவிடுகிறது. பிரிந்ததை மீண்டும் ஒன்றாக்கும் மருந்து கிடையாது. முழுவதையும் இறைத்து அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

ஆகவே உபாயமெல்லாம் முன்கூட்டியே செய்வது: படகை ஒதுக்குமுன் புதுப் பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ‘ஸ்டெபிலைசர்’ மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரையில் செல்லும்படி பத்து நிமிஷம் இயந்திரத்தை ஓட்டி, விரிவதற்குச் சிறிது இடம் விட்டுத் தொட்டியை நிரப்பி, நீர் பிரிக்கும் 10 மைக்ரான் வடிகட்டியையும் பொருத்திவிட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. பழைய கண்ணாடியிழைத் தொட்டிகள் விஷயம் வேறு. அவற்றின் பிசினையே எத்தனால் கரைத்து வால்வுகளில் கரிய பசையாக ஒட்டச் செய்யும்.

காரின் பின்னால் படகை இழுத்துச் செல்கிறவர்கள் சாலையோரப் பெட்ரோல் பங்க்கிலேயே இரண்டுக்கும் சேர்த்து நிரப்பிக்கொள்வதில் இன்னோர் அபாயம் உண்டு: 15 சதவீதக் கலவை புதிய கார்களுக்கு அனுமதிக்கப்பட்டது, படகுக்குச் சட்டமே விலக்கியது. நம் நாட்டிலோ 2025-ல் கலவை 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ஆனால் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களின் கையேடுகள் பல பத்து சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன.

சந்தேகம் வந்தால், தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அசையாமல் வைத்துப் பார்க்கலாம். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அன்றைக்கு இயந்திரத்தை முடுக்கக் கூடாது.