அமெரிக்கத் தமிழ் வீடுகளும் கோடைக்கால வாசிப்பும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மே மாத இறுதியில் கோடை விடுமுறைக்காக மூடப்படுகின்றன. கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஜூன் மாதத்தின் முதல் பாதியிலும், நியூ ஜெர்சியில் ஜூன் மாதத்தின் பிற்பகுதியிலும் விடுமுறை தொடங்குகிறது. அமெரிக்காவில் தமிழர்கள் கணிசமான எண்ணிக்கையில் வாழும் பகுதிகளில் இவை மூன்றும் முக்கியமானவை.

வழக்கமான பள்ளிக்கூடங்களோடு, தன்னார்வலர்கள் வார இறுதி நாட்களில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவையும் இந்தக் காலத்தில் மூடப்படுகின்றன. வாரத்துக்குச் சில மணி நேரம் தமிழ் எழுத்துக்களைப் பார்த்துவந்த குழந்தைக்கு, அடுத்த இரண்டு மாதங்களுக்கும் மேலாக வீடு மட்டுமே தமிழ் வகுப்பறையாகிறது. விடுமுறையின் முதல் சில வாரங்களில் அந்த வீட்டில் என்ன பழக்கம் ஏற்படுகிறது என்பது, செப்டம்பரில் அந்தக் குழந்தை எந்த அளவுக்குத் தமிழ் தெரிந்த நிலையில் வகுப்புக்குத் திரும்பும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

நீண்ட விடுமுறையும் வாசிப்பும்

அமெரிக்காவின் நீண்ட கோடை விடுமுறை, குழந்தைகள் வயல் வேலைக்குத் தேவைப்பட்டதால் உருவானது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் கென்னத் கோல்ட் 2002-ல் வெளியிட்ட வரலாற்று நூல் இந்தக் கருத்தை மறுக்கிறது. உழவுக்கும் அறுவடைக்கும் ஆட்கள் தேவைப்பட்டது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும்தான். நகரங்களின் கோடை வெப்பம், வசதி படைத்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் வெளியூர் சென்றது போன்ற காரணங்களுக்கு இந்த விடுமுறையின் உருவாக்கத்தில் பெரும் பங்கு இருந்தது.

விடுமுறையில் குழந்தைகளின் வாசிப்புத் திறன் பின்தங்குகிறதா என்ற கேள்வி நீண்டகாலமாக ஆராயப்பட்டு வருகிறது. அட்லாண்டா நகர மாணவர்களை ஆராய்ந்து பார்பரா ஹெய்ன்ஸ் 1978-ல் வெளியிட்ட நூல், கோடையில் புத்தகம் வாசிப்பது கற்றல் முன்னேற்றத்தோடு தெளிவாகத் தொடர்புடையது என்று காட்டியது. பொது நூலகத்தைப் பயன்படுத்துவதன் முக்கியத்துவத்தையும் அவர் சுட்டிக்காட்டினார். பிற்காலத்தில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பல் போன்றவர்கள், பழைய அளவீடுகளில் குறைகள் இருந்தன என்றும், இழப்பின் அளவு மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்றும் 2019-ல் வாதிட்டனர்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆங்கிலம் கடையிலும், தொலைக்காட்சியிலும், விளையாட்டுத் திடலிலும் குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் மொழி. பள்ளி மூடினாலும் அது மறைவதில்லை. தமிழின் நிலை அப்படியல்ல. எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ பிளேனோவிலோ வளரும் ஒரு குழந்தைக்கு, தமிழ் எழுத்து தற்செயலாகக் கண்ணில் படும் வாய்ப்பு மிகக் குறைவு. எவரேனும் எடுத்து நீட்டினால்தான் அது கண்முன் வருகிறது.

ஒரு தலைமுறையில் மறையும் மொழி

குடியேறியோரின் மொழிகள் அமெரிக்காவில் எவ்வளவு விரைவாக மறைகின்றன என்பது பலமுறை ஆராயப்பட்ட விஷயம். பெர்க்லி கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லில்லி வாங் ஃபில்மோர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு, பிற மொழி பேசும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் திரட்டிய தகவல்களை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலவழி மழலையர் பள்ளிகளில் மிகச் சிறு வயதிலேயே சேர்ந்த குழந்தைகள் பலர், வீட்டு மொழியைக் கைவிடத் தொடங்கினர் என்று அது கூறியது. பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையே அறிவுரையும் நம்பிக்கையும் குடும்பக் கதைகளும் கைமாறும் வழி அடைபட்டுப் போவதே இதில் மிகப் பெரிய இழப்பு என்று அவர் எச்சரித்தார்.

தென் கலிஃபோர்னியாவில் ரூபன் ரும்பாட், டக்ளஸ் மாஸி, ஃபிராங்க் பீன் ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஸ்பானிய மொழி மூன்றாம் தலைமுறை வரை ஓரளவு தாக்குப்பிடிக்க, ஆசிய மொழிகள் பலவும் இரண்டாம் தலைமுறையை ஒட்டியே மங்கிவிடுகின்றன என்பது அவர்களின் முடிவு.

அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுவோரின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. ஆனால் இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு புதிதாகக் குடியேறியவர்களால் வந்தது. எண்ணிக்கை பெருகுவதும், அங்கு பிறந்த குழந்தைகளிடம் மொழி நிலைப்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

அமைப்பு ரீதியான முயற்சிகளுக்குக் குறைவில்லை. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987-ல் உருவானது. வளைகுடாப் பகுதியில் 1998-ல் தொடங்கிய தமிழ்ப் பள்ளி, கலிஃபோர்னியத் தமிழ்க் கழகமாக வளர்ந்து பல ஊர்களுக்கும் பரவியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க உலகத் தமிழர்கள் திரட்டிய நிதி 2018-ல் 60 லட்சம் டாலர் இலக்கை எட்டியது. எனினும், மொழி மாற்றத்தை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-ல் எழுதிய நூலில் வலியுறுத்தியது போல, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டில் மொழி கைமாறாவிட்டால், பள்ளிகளும் நிறுவனங்களும் தனித்து நின்று அந்த இடத்தை நிரப்ப முடிவதில்லை.

காதுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாதது

வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்குத் தமிழ் வாசிப்பு கடினமாக இருப்பதற்கு ஆர்வமின்மையே காரணம் என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். உண்மையில், மொழியின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வெகுவாக விலகி நிற்பவை. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் இரட்டை வழக்கு மொழிகள் பற்றி விளக்கிய பிறகு, அதற்கான முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகத் தமிழ் தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது. வீட்டில் 'பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் 'பாட்டி ஊருக்குப் போய்விட்டார்' என்று படிக்கிறது. 'இருக்கு' என்பது 'இருக்கிறது' ஆகிறது. 'உக்காந்துக்கோ' என்பது 'உட்கார்ந்துகொள்' ஆகிறது. தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்கு மேடைப் பேச்சு, வானொலி, செய்தி, சுவரொட்டி என்று எழுத்துத் தமிழ் நாள்தோறும் காதிலும் கண்ணிலும் விழுகிறது. அமெரிக்காவில் வளரும் குழந்தைக்கு அது ஏறக்குறைய மூன்றாவது மொழி.

எழுத்து முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. 'காகம்' என்ற சொல்லில் இருமுறை வரும் ககரம் இருவிதமாக ஒலிக்கிறது. 'தங்கம்' என்ற சொல்லில் அதே ககரத்துக்கு மூன்றாவது ஓசை. சொல்லின் முதலில் வந்தாலோ இரட்டித்து வந்தாலோ வல்லோசை, மெல்லினத்தை அடுத்து வந்தால் வேறோசை, உயிரோசைகளுக்கு இடையே வந்தால் மென்மையான ஓசை என்று இதற்கு விதி இருக்கிறது. ஆனால் தமிழ் பேசி வளர்ந்தவர் எவரும் இந்த விதியைப் படித்துக் கற்பதில்லை, கேட்டே கற்கிறார்கள். ஓசைக்கு ஓர் எழுத்து வேண்டும் என்று எதிர்பார்க்கும் குழந்தை இந்த இடத்தில் தடுமாறுகிறது.

இந்த விதிகள் பிடிபட்டுவிட்டால், ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கூட்டுவது எளிது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் சீரானது. இதனால் ஒரு விசித்திரமான நிலை ஏற்படுகிறது. ஆங்கிலத்தில் குழந்தைக்கு எழுத்துக்கூட்டுவது கடினம். கூட்டிவிட்டால் சொல் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். தமிழிலோ, முழு வரியையும் பிழையின்றி வாய்விட்டுப் படித்த பின்பும் பொருள் புரியாமல் போகலாம். பிள்ளை சரளமாகப் படிப்பதைக் கேட்டு மகிழும் பெற்றோர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

வயதும் ஒரு பிரச்சனை. ஒன்பது வயதுக் குழந்தை ஆங்கிலத்தில் இருநூறு பக்கச் சாகசக் கதையை ஒரே மூச்சில் வாசிக்கும். அதன் தமிழ் வாசிப்புத் திறனுக்கு ஏற்றதாகக் கிடைக்கும் புத்தகத்திலோ, நான்கு வயதுக் குழந்தைக்கான யானைக் கதையே இருக்கும். அந்தக் குழந்தை சலித்துக்கொள்வதில் வியப்பில்லை.

சேர்ந்து வாசிப்பது ஏன் உதவுகிறது?

இந்த இடத்தில்தான் பெற்றோரின் குரல் உதவிக்கு வருகிறது. தந்தையோ தாயோ புத்தகத்தின் வரியை எழுத்துத் தமிழில் வாசித்து, அடுத்த நொடியே அதை வீட்டுப் பேச்சில் சொல்லிக்காட்டும்போது, இரு வழக்குகளும் குழந்தையின் காதில் அடுத்தடுத்து விழுகின்றன. 'போய்விட்டார்' என்பதும் 'போயிட்டாங்க' என்பதும் ஒன்றுதான் என்பதை விளக்க இலக்கணப் பாடம் தேவைப்படுவதில்லை. ககரத்தின் ஓசைகளும் அப்படியே பழகிவிடுகின்றன. மேலும், குழந்தையின் வாசிப்புத் திறனுக்கு எட்டாத, ஆனால் அதன் அறிவுக்கும் ஆர்வத்துக்கும் பொருந்தும் கதையைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

வாசிக்கும் முறையும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் வாசிக்கக் குழந்தை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இடையிடையே கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதைச் சற்று விரித்துச் சொல்லி, உரையாடலாக வாசிப்பதே மொழித்திறனை அதிகம் வளர்க்கிறது என்று கண்டறிந்தனர். தமிழ் வீட்டில் இதன் பொருள் எளிது. 'நரி ஏன் அங்கே போச்சு?' என்று கேட்கும்போது குழந்தை ஆங்கிலத்தில் பதில் சொன்னால், அதைக் கண்டிக்காமல், அதே பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே படிக்கலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும், பிறந்த நாள் முதற்கொண்டே குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று 2014-ல் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. வீட்டில் வேறு மொழி பேசினால் ஆங்கிலம் பாதிக்கப்படும் என்ற பழைய அச்சமும் இன்று வலுவிழந்துவிட்டது. மான்ட்ரியால் நகரத்தில் இருமொழிக் குழந்தைகளைப் பற்றி எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோர் 1962-ல் வெளியிட்ட ஆய்வு அந்த அச்சத்தை அசைத்த முதல் ஆய்வுகளில் ஒன்று.

ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது தமிழ் வீடுகளுக்குப் புதியதும் அல்ல. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவையும், வார இதழ்களின் தொடர்கதைகளையும் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, வீட்டிலுள்ள மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது.

புத்தகங்களும் நேரமும்

முன்பு ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் இடம் கிடைத்தால் மட்டுமே தமிழ்ப் புத்தகம் வரும் என்ற நிலை இருந்தது. சென்னையில் 1996-ல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த படப் புத்தகங்களை வெளியிட்டது. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறி, பாடங்களையும் நூல்களையும் இணையத்தில் அளித்து வருகிறது. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்ட தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அமெரிக்கப் பொது நூலகங்கள் கோடை வாசிப்புத் திட்டங்களை நூறாண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகின்றன. இன்று பல நூலகங்கள் குழந்தை படித்த நேரத்தைக் கணக்கிட்டுப் பரிசளிக்கின்றன. தமிழில் படித்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நூலகரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அந்த அட்டையில் தமிழ்ப் புத்தகத்தின் பெயரும் இடம்பெறும்போது, தமிழ் என்பது சனிக்கிழமைக் கடமை மட்டுமே என்ற எண்ணம் குழந்தையிடம் தளர்கிறது.

கோடைக் காலத்தில் தாத்தா பாட்டி வந்து தங்கும் வீடுகளுக்கு இன்னொரு வசதி உண்டு. வர இயலாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. கோடையில் கலிஃபோர்னியாவில் இரவு 8 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 8.30 மணி, டெக்ஸாஸின் பெரும்பகுதியில் இரவு 8 மணி என்றால் சென்னையில் 6.30 மணி, நியூ ஜெர்சிக்கு 5.30 மணி. ஓரிடத்தில் குழந்தை உறங்கச் செல்லும் நேரமும், மற்றோர் இடத்தில் பாட்டி காபி குடிக்கும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. காணொளி அழைப்பில் 'சாப்பிட்டியா?' என்ற கேள்வியோடு முடிந்துவிடும் உரையாடலுக்கு, ஒரு கதை புதிய பொருளைத் தருகிறது.

நடைமுறைத் தடைகள்

இவையெல்லாம் சொல்வதற்கு எளிது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், விடுமுறை என்பது குழந்தைக்குத்தான். பகல் முழுவதும் கோடை முகாம், மாலையில் நீச்சல், பின்னர் கணக்கு வகுப்பு என்று நாள் கழிகிறது. தமிழ் வாசிப்புப் பொறுப்பு பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. பெற்றோரில் ஒருவருக்குத் தமிழ் தெரியாத குடும்பங்களும், தமிழ்நாட்டில் ஆங்கிலவழியில் படித்ததால் தமிழ் வாசிப்பதில் தாமே தயங்கும் பெற்றோரும் உண்டு.

ஆயினும் இதே சமூகம் மொழிக்காக நேரம் ஒதுக்கும் திறன் இல்லாதது அல்ல. அமெரிக்காவின் தேசிய ஆங்கில எழுத்துக்கூட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுகள் கோடையின் தொடக்கத்தை ஒட்டியே நடைபெறுகின்றன. 1985-ல் பாலு நடராஜன் அதில் வென்றதிலிருந்து, இந்திய வம்சாவளிக் குழந்தைகள் அங்கு குவித்த வெற்றிகள் உலகறிந்தவை. அந்த வெற்றிகளுக்குப் பின்னால், பெற்றோரும் பிள்ளையும் மாலைதோறும் அருகருகே அமர்ந்து சொற்களைப் படித்த ஆண்டுகள் உள்ளன.

தமிழுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. உறங்கும் முன் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், பத்து வார விடுமுறையில் அது பதினேழு மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் எட்டு வார வகுப்புகளுக்கு இது ஈடு.

இந்தக் கால் மணி நேரம் ஒரு குழந்தையைத் தமிழ்ப் புலவராக்கிவிடாது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, பாட்டி கைப்பட எழுதிய கடிதம் ஒன்று பழைய பெட்டியிலிருந்து கிடைத்தால், அதை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் தானே எடுத்துப் படிக்க அந்தப் பிள்ளையால் முடியுமா என்பது, இத்தகைய கோடைகள் சிலவற்றைப் பொறுத்தே அமையும்.