வானத்துக்கு ஒரு மாஸ்க் (தொடர் – 11)

சென்ற வாரம் லேயர்களைப் பார்த்தோம். இந்த வாரம் கிரேடியன்ட் மாஸ்க். ஒரு திருத்தம் படத்தின் எந்த இடத்தில் முழுதாகப் படவேண்டும், எங்கிருந்து படிப்படியாகக் குறைந்து மறையவேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதைச் சாம்பல் நிறப் படமாக வரைந்து முடித்துவிடக் கூடாது, எப்போது திறந்தாலும் நகர்த்திக்கொள்ளும்படி வைத்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. தேக்காவின் அந்தி இதற்கு நல்ல சாட்சி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகை தொலைவில்தான் இருக்கிறது. அங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் சுமார் 21 நிமிடமே நிற்கும். தீபாவளி சமயத்தில் சூரியன் மறைவது மாலை 6.50 வாக்கில். சிராங்கூன் சாலையின் அலங்கார வளைவுகளில் விளக்கு எரிந்ததும் எடுத்த படத்தில் வானம் இன்னும் வெளுத்திருக்கும். அதே இடத்தில் நின்று பத்து நிமிடம் கழித்து எடுத்தால் வானம் கருநீலம், வளைவுதான் கண்ணைக் கூசவைக்கும். முதல் படத்தின் வானத்தை அடக்கப் போட்ட மாஸ்க்கை அப்படியே இரண்டாவதற்கும் போட்டால் வானம் மையாகிவிடும்.

லைட்ரூமில் 2008 முதலே இருக்கும் கிரேடியன்ட், கட்டணமில்லாத டார்க்டேபிளில் உள்ள கிரேடியன்ட், இரண்டுமே வெறும் எண்கள்: எங்கே தொடங்குகிறது, எந்தக் கோணம், எவ்வளவு தூரத்தில் மறைகிறது. ஒரு படத்திலிருந்து முப்பது படங்களுக்கு நகலெடுத்துவிட்டு ஒவ்வொன்றிலும் கோட்டைச் சற்று இறக்கியோ ஏற்றியோ விடலாம். ஃபோட்டோஷாப்பின் லேயர் மாஸ்க் அப்படியல்ல. கிரேடியன்ட் கருவியால் ஒருமுறை இழுத்ததும் அது பிக்சலாகிவிடுகிறது. எங்கிருந்து எங்கே இழுத்தோம் என்பது அதற்கு நினைவில்லை. 8 பிட் கோப்பில் மாஸ்க்குக்கு 256 படிகள்தான். அதை லெவல்ஸ் வைத்து இழுத்து இழுத்துச் சரிசெய்தால் மேகமில்லாத வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் படத்தில் இருந்தால் சிக்கல் கூடும். வானத்துக்குப் போட்ட இருட்டு கோபுரத்தின் உச்சியையும் விழுங்கும். அதை மீட்க அதே மாஸ்க்கின்மேல் பிரஷ் ஓட்டுவோம். பிறகு கிரேடியன்ட்டைக் கொஞ்சம் இறக்கவேண்டும் என்றால், கோபுரத்தைச் சுற்றிச் செய்த அந்த நுணுக்கமான வேலை முழுவதும் போய்விடும். இதற்கு எளிய வழி உண்டு. திருத்த லேயரை ஒரு குரூப்புக்குள் வையுங்கள். குரூப்பின் மாஸ்க்கில் கிரேடியன்ட் மட்டும், உள்ளே இருக்கும் லேயரின் மாஸ்க்கில் பிரஷ் வேலை மட்டும். இரண்டும் சேர்ந்தே படத்தில் விளையும். ஆனால் வானத்தை மறுபடி இழுத்தாலும் கோபுரம் தப்பிவிடும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, கேமரா ரா ஃபில்டருக்குள்ளேயே மாஸ்க் போடலாம்; பின்னால் எப்போது திறந்தாலும் அது நகரும்.

முடிவெடுக்கத் தெரிந்தவருக்கு இதெல்லாம் எதற்கு, ஒருமுறை செய்து முடிக்கவேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். முடிவு ஒன்றாகவே இருக்கட்டும். ஆனால் அதே படம் கைப்பேசித் திரைக்கும் போகிறது, மையை உறிஞ்சிக் கருக்கும் செய்தித்தாளுக்கும் போகிறது, சுவரில் மாட்டும் பெரிய பிரிண்டுக்கும் போகிறது. மூன்றுக்கும் ஒரே வான இருட்டு பொருந்தாது. கோப்பு பெருத்துவிடும் என்ற புகார் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் விஷயத்தில் நியாயம்தான். மற்றபடி கணக்கு நேர்மாறு: 24 மெகாபிக்சல் படத்தின் 8 பிட் மாஸ்க் சுருக்காத நிலையில் 24 எம்பி, எண்களாக வைத்த கிரேடியன்ட்டோ சில வரி எழுத்து. மூலக் கோப்புதான் பத்திரமாக இருக்கிறதே, தேவைப்பட்டால் முதலிலிருந்து தொடங்கலாமே என்பவர்களும் உண்டு. மூலக் கோப்பில் கேமரா கண்ட வெளிச்சம் இருக்கும், அதைக் கையாண்டவரின் தீர்ப்பு இருக்காது. இது வெறும் வசதிப் பிரச்சினையும் இல்லை. தேக்காவின் வளைவுகள் ஒவ்வோர் ஆண்டும் பிரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேறு வடிவில் எழுகின்றன. அந்தப் படங்கள் நாளைக்கு ஆவணம். அன்றைய வானம் உண்மையில் எவ்வளவு இருட்டாக இருந்தது, எவ்வளவு இருட்டு படக்காரர் சேர்த்தது என்று பின்னால் வருகிறவர் மாஸ்க்கை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது. இந்த எண்கள் அந்தந்த மென்பொருளின் பாஷை. லைட்ரூமில் போட்ட கிரேடியன்ட்டை டார்க்டேபிள் அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. ஆனால் பிக்சலாக்கிய படம் எங்கும் திறக்கும். இதை மறுக்க முடியாது, ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூலக் கோப்பு, அதன் பக்கத்திலேயே திருத்த எண்கள் உள்ள எக்ஸ்எம்பி கோப்பு, கூடவே எல்லா லேயரையும் ஒன்றாக்கிய 16 பிட் டிஃப். மென்பொருள் மாறிப்போனாலும் படம் எப்படி இருக்கவேண்டும் என்று நினைத்தோமோ அதை டிஃப் காட்டும். அதைப் பார்த்துப் புதிய மென்பொருளில் கிரேடியன்ட்டை மறுபடி போட்டுவிடலாம்.